மெஷின்காரன் கடைசியில்தான் ஆடுவான்

மயிலாப்பூரில் விதிமுறை இல்லாமல் ஒரு காரியம் நடக்காது. ஜனவரியில் மயிலாப்பூர் விழா வந்தால், வடக்கு மாட வீதித் தார் ரோட்டில் கட்டம் போட்டு, ஆளுக்கொரு கட்டம் ஒதுக்கிய பிறகுதான் கோலத்தின் முதல் புள்ளி விழும். நவராத்திரியில் கொலுவுக்கு மார்க் போட வருகிறவர்கள், படி ஒற்றைப்படைதானா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சுண்டலில் கை வைப்பார்கள். மார்கழி பஜனை கோஷ்டி எந்த வீட்டு வாசலில் நிற்கும், எந்த வாசலைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும் என்பதற்கு எழுதி வைக்காத சட்டம் ஒன்று இருக்கிறது. அதை மீறினால் அடுத்த மார்கழி வரைக்கும் இரு வீடுகளுக்கு நடுவே பேச்சுவார்த்தை கிடையாது.

ஆகவே இந்தப் பொங்கல் லீவில் எங்கள் ஃப்ளாட் குழந்தைகளுக்கு வீடியோ கேம் போட்டி நடத்தலாம் என்று சங்கம் முடிவெடுத்தபோது, போட்டிக்கு முன்பே விதிமுறைக் குழு ஒன்று பிறந்துவிட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. கையில் பிடித்து ஆடுகிற கருவிகள் மட்டும். ஹால் டிவியில் மாட்டி ஆடக் கூடாது. அதற்கு விளையாட்டுக் காரணம் எதுவும் இல்லை. டிவியை யார் வீட்டிலிருந்து இறக்குவது என்பதில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை, அவ்வளவுதான். குழுவில் என்னைச் சேர்த்ததற்குச் செயலாளர் சொன்ன காரணம், "மேடம், நீங்கதான் நல்லா எழுதுவீங்க."

இதே காரணத்துக்காக, இதே மனையில், இதே வேலைக்கு நான் ஒருமுறை அமர்த்தப்பட்டிருக்கிறேன். அப்போது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்போது சொன்னது, "அவ கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும்."

அப்போது இது ஃப்ளாட் இல்லை, ஸ்டோர். சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், வாசலில் திண்ணை, உள்ளே ரயில் பெட்டி நீளத்துக்கு ஒரு நடை, இரண்டு பக்கமும் போர்ஷன் போர்ஷனாகக் குடித்தனங்கள், பின்கட்டில் பொதுக் கிணறு, அடி பம்பு. தண்ணீருக்கு முறை, துணி உலர்த்துகிற கொடிக்கு முறை, கரண்ட் பில்லைப் பங்கு போடுவதற்கு ஒரு சூத்திரம். இவ்வளவு சட்டதிட்டங்களுக்கு நடுவே வளர்ந்த குழந்தைகள் கையில் ஒரு வீடியோ கேம் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும்? அரசியல் நிர்ணய சபைதான் கூடும்.

தொண்ணூறுகளின் நடுவில் அது வந்தது. மாடி போர்ஷன் பையனின் சித்தப்பா வாங்கி வந்தார். முதல் வாரம் சிங்கப்பூரிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்டது. இரண்டாவது வாரம் பர்மா பஜார் என்று கசிந்தது. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் பீச் ஸ்டேஷன் பக்கம் வரிசையாகப் போட்ட கடைகள் அவை. அன்றைக்கு மெட்ராஸின் பாதி ஃபாரின் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சாம்பல் நிறப் பிளாஸ்டிக், மேலே ஒரு சின்னத் திரை, கீழே பட்டன்கள். அட்டைப் பெட்டியில் '9999 இன் 1' என்று போட்டிருந்தது. அதை நம்பி நாங்கள் எண்ண ஆரம்பித்தோம். வேகத்தை ஒரு படி ஏற்றினால் ஒரு ஆட்டம், அடியில் ஏற்கெனவே நாலு வரி கல் அடுக்கியிருந்தால் இன்னொரு ஆட்டம் என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். பார்க்கப்போனால் செங்கல் அடுக்குவது, பாம்பு, கார் ரேஸ், டாங்கிச் சண்டை, ரோடு கடக்கிற தவளை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். திரை பத்துக் கட்டம் அகலம், இருபது கட்டம் உயரம். காரும் அந்தக் கட்டங்களில்தான், தவளையும் அந்தக் கட்டங்களில்தான். எது கார், எது தவளை என்பதை மனசால் பார்த்துக்கொள்ள வேண்டியது.

ஸ்டோரே பைத்தியமாக ஆடியது செங்கல் ஆட்டத்தைத்தான். அதன் பெயர் டெட்ரிஸ் என்றோ, 1984-ல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் அகாடமியின் கணினி மையத்தில் அலெக்ஸி பாஜிட்னவ் என்பவர் எழுதியது என்றோ எங்களுக்குத் தெரியாது. அவர் அரசாங்க ஊழியர். ஆட்டம் அரசாங்கத்தின் சொத்து. 1989-ல் நின்டெண்டோ தன் கேம்பாயோடு அதைச் சேர்த்து விற்று உலகத்தையே குனிந்த தலை நிமிராமல் ஆக்கியது. ஆனாலும் 1996 வரை அந்த மனிதர் கைக்கு ராயல்டி என்று ஒன்றும் வந்து சேரவில்லை. எங்கள் கையில் இருந்ததோ அதற்கும் கீழே, யாருக்கும் சொல்லாமல் யாரோ செய்த நகல்.

இதில் எனக்கு இன்றும் தீராத வேடிக்கை ஒன்று உண்டு. ஸ்டோரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், கஸ்தூரி ரங்கா ரோட்டில், சோவியத் கலாசார மையம் இருந்தது. அங்கேதான் மிகெய்ல் தால் செஸ் கிளப். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரன் வளர்த்தது, சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடியது. 1988-ல் ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆனதும் மயிலாப்பூரில் பஞ்சாங்கம் இல்லாத வீடுகூட இருக்கலாம், செஸ் போர்டு இல்லாத வீடு இல்லை என்று ஆயிற்று. ரஷ்யாக்காரர்கள் இடத்தில் போய்க் கட்டத்தில் காய் நகர்த்தினால் மூளை வளரும். ரஷ்யாக்காரர் எழுதிய இன்னொரு ஆட்டத்தில் கட்டத்தில் கல் நகர்த்தினால் மூளை மழுங்கும், கண் அவிந்து போகும், பரீட்சையில் கோட்டை விடுவோம். இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லாததால், போட்டியெல்லாம் பெரியவர்கள் சாப்பிட்டுக் கண்ணயரும் மத்தியான வேளையில்தான் நடந்தது.

இனி விதிகள். ஒரு மெஷின், பதினான்கு குழந்தைகள்.

தெருக் கிரிக்கெட்டில் பேட் யாருடையதோ அவன்தான் முதலில் ஆடுவான். இது உலகம் அறிந்த சட்டம். வீடியோ கேமில் மாடிப் பையன் இதைத் தலைகீழாகப் புரட்டினான். மெஷின்காரன் கடைசியில்தான் ஆடுவான் என்றான். என்ன பெருந்தன்மை என்று நாங்கள் நெகிழ்ந்து, அதையே முதல் விதியாக என்னை எழுதச் சொன்னார்கள். எல்லோருடைய ஸ்கோரையும் பார்த்துவிட்டு, எவ்வளவு எடுத்தால் ஜெயிக்கலாம் என்று தெரிந்துகொண்டு ஆடுவதற்கான ஏற்பாடு அது என்று புரிவதற்குள் விதி மையில் காய்ந்துவிட்டது.

அடுத்தது பாஸ். ஆட்டத்தை நிறுத்தி வைக்கிற பட்டன் இருந்தது. நிறுத்தினாலும் திரையில் கல்லெல்லாம் தெரியும். அடுத்து வரப்போகிற கல்லும் வலது ஓரத்தில் தெரியும். பின் போர்ஷன் பையன் ஒருவன் ஒவ்வொரு கல்லுக்கும் நிறுத்தி, மோட்டுவளையைப் பார்த்து யோசித்து, பெருமூச்சு விட்டு, பிறகு ஆடினான். ஒரு ஆட்டம் சாயங்காலக் காபி வரைக்கும் போயிற்று. அன்று நடந்த அடிதடியில் பிறந்தது இரண்டாவது விதி: பாஸ் கூடாது. அதற்கு மறுநாளே ஒரு திருத்தம் வந்தது. அம்மா கூப்பிட்டு, தெற்கு மாட வீதிக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னால் பாஸ் செல்லும். ஆனால் மெஷினைக் குப்புறக் கவிழ்த்து ஊஞ்சல் பலகையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இதற்குப் பிறகு சில பேர் வீட்டில் கொத்தமல்லித் தேவை திடீரென்று கூடியது வேறு கதை.

பார்ப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது என்றும் ஒரு விதி எழுதினோம். நான் எழுதியதிலேயே அதிகம் மீறப்பட்டது அதுதான். கல்லுக்கெல்லாம் பெயர் உண்டு: குச்சி, பெட்டி, கொக்கி, இசட்டு. நாலு வரி அடுக்கி, ஓரத்தில் ஒரு பள்ளம் விட்டுக் குச்சிக்காகக் காத்திருக்கிற நேரத்தில், வலது ஓரத்தில் குச்சி தெரிந்துவிட்டால் பதிமூன்று தொண்டைகளை எந்தச் சட்டம் அடக்கும்? "குச்சிடா! குச்சிடா!" என்கிற கூச்சலில் தாத்தா எழுந்துவிடுவார். அத்தோடு அன்றைய போட்டி ரத்து. கடைசியில் விதியைத் தளர்த்தி, கூவலாம், ஆனால் சத்தம் வராமல் கூவ வேண்டும் என்று மாற்றினோம். இப்போது யோசித்தால், ஆடியதைவிடப் பார்த்ததுதான் அதிகம். ஒருவன் ஆடுவான், பதிமூன்று பேர் அவன் தோள் மேல் தலையை நீட்டிக்கொண்டு, மூச்சு முட்டுகிற மாதிரி நிற்போம். திரைக்குத் தனி வெளிச்சம் கிடையாது. வெளிச்சத்தை மறைக்காமல் தலையை எந்தக் கோணத்தில் நீட்டுவது என்பதே தனி வித்தை.

செல் விவகாரம் பெரியது. இரண்டு பென்டார்ச் செல். தலைக்கு ஐம்பது காசு வசூலித்து நிப்போ வாங்குவோம். செல் இறங்க இறங்கத் திரை மங்கும். கல் எது, நிழல் எது என்று தெரியாது. அப்போது செல்லைக் கழற்றி மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலில் காய வைப்போம், பல்லால் கடித்தும் பார்ப்போம். எப்படியோ இன்னும் கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும். ஆனால் செல்லைக் கழற்றிய கணமே மெஷின் அதுவரை ஞாபகம் வைத்திருந்த ஹைஸ்கோர் பூஜ்யமாகிவிடும். ரீசெட் பட்டனை 'தெரியாமல்' அழுத்தியவர்களும் உண்டு. அதனால்தான் என் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்கள் அரசு ஆவணம் ஆயின.

அந்த ஆவணத்துக்கு மதிப்புக் கொடுத்தவர் முன் போர்ஷன் மாமா. ஏ.ஜி. ஆபீஸில் ஆடிட்டில் இருந்து ரிடையர் ஆனவர். தூக்கம் கலைந்த ஒரு மத்தியானம் எங்கள் சண்டையைத் தீர்க்க வந்தவர், நோட்டை வாங்கி, கண்ணாடியை மேலே தூக்கி, மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தார். "சாட்சி இல்லாத வவுச்சரை நான் பாஸ் பண்றதில்லே" என்றார். அன்று முதல் ஒவ்வொரு ஸ்கோருக்கும் பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்து. அதில் ஒருவர் ஆடியவனுக்கு அண்ணன் தம்பியாக இருக்கக் கூடாது. அடித்தல் திருத்தல் இருந்தால் அதற்கும் சுருக்கொப்பம். எட்டு வயசுப் பையன்கள் சுருக்கொப்பம் போடப் பழகியது அந்தக் கோடையில்தான்.

மெட்ராஸ் ஐ விதிதான் எனக்குப் பிடித்தது. ஊரில் கண்வலி பரவிய நேரம். கண் சிவந்தவன் மெஷினைத் தொடக் கூடாது என்றோம். நியாயம்தான். ஆனால் அவனும் ஐம்பது காசு கொடுத்திருக்கிறானே? நடு போர்ஷன் அண்ணா தீர்ப்புச் சொன்னார்: கண்வலிக்காரன் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து வாயால் சொல்லலாம், இன்னொருவன் அவனுக்காகப் பட்டனை அழுத்துவான். "லெஃப்ட்... லெஃப்ட்... திருப்பு... போடு!" அழுத்தியவன் வேண்டுமென்றே தப்பாக அழுத்தினான் என்று ஒரு வழக்கு. அதற்கும் ஒரு உபவிதி.

பெண்களைப் பற்றி முதலில் விதி எதுவும் இல்லை. தேவைப்படவில்லை, நான் நோட்டோடு இருந்தேன், மற்ற இரண்டு பேர் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். என் எழுதுகூலி தினமும் கடைசியில் ஒரு ஆட்டம், அதுவும் சாகிற செல்லோடு. மங்கின திரையில் தினமும் ஆடினால் கண் பழகிவிடும் போலிருக்கிறது. புது செல் போட்ட ஒரு நாள் எனக்கும் ஒரு முறை கொடுத்தார்கள். மெஷின்காரனின் ஸ்கோரைத் தாண்டிவிட்டேன். மறுநாள் காலை சபை கூடி, அக்காக்களுக்கும் தங்கைகளுக்கும் தனிப் பிரிவு என்று தீர்மானம் போட்டு, அதை நேற்றிலிருந்தே அமலாக்க வேண்டும் என்றது. எழுத வேண்டியவள் நான். மாமாவிடம் நோட்டைக் கொண்டு போனேன். "முன்தேதியிட்டு விதியை மாத்தறதா? நடக்காது. ப்ராஸ்பெக்டிவாதான் வரும்" என்றார். அந்த ஒரு நாள் ஸ்கோர் செல்லுபடியானது. அதற்குப் பிறகு பெண்கள் பிரிவில் போட்டியின்றி வென்றுகொண்டே இருந்தேன்.

ஸ்டோரை இடித்து ஜாயின்ட் வென்ச்சரில் ஃப்ளாட் எழும்பியபோது நோட்டு எங்கே போயிற்று என்று தெரியாது. விதிகள் ஒன்றுவிடாமல் நினைவிருக்கின்றன. காரணம் இதுவாகத்தான் இருக்கும்: ஒவ்வொரு விதிக்கும் முன்னால் ஒரு சண்டை நடந்திருந்தது. சண்டை முதலில், சட்டம் பிறகு. எந்த விதியைச் சொன்னாலும் யார் சட்டை கிழிந்தது என்று சொல்லிவிடுவேன்.

இப்போது நாங்கள் எழுதிய விதிமுறைக்கு நான்கு பக்கம். ஒரு சண்டையும் நடக்கவில்லை. நடக்கக்கூடிய எல்லாச் சண்டையும் முன்கூட்டியே தீர்க்கப்பட்டுவிட்டது, குழந்தைகளைக் கேட்காமல்.

கருவி எது என்பதிலிருந்து ஆரம்பித்தோம். நாலு வீட்டில் நின்டெண்டோ ஸ்விட்ச் இருந்தது. நின்டெண்டோ நேரடியாக இந்தியாவில் விற்பதில்லை; எனவே அமெரிக்காவில் ஒரு சித்தப்பா வேண்டும், இல்லாவிட்டால் ரிச்சி ஸ்ட்ரீட் வேண்டும். முப்பது வருஷத்தில் சித்தப்பாக்கள் மட்டும் மாறவில்லை. மற்ற வீடுகளில் போனும் டேப்பும். டேப் கையில் பிடிக்கிற கருவியா இல்லையா என்று ஒரு மாலை முழுவதும் போயிற்று. இரண்டு கையாலும் பிடித்தபடி கட்டை விரல் நடுத்திரையைத் தொட வேண்டும் என்று ஒரு வரையறை வந்தது. யாருடைய கட்டை விரல் என்று இன்னொருவர் கேட்டார். கடைசியில் எல்லோரும் ஸ்விட்சில்தான், இல்லாதவர்களுக்குச் சங்கத்தின் பொறுப்பில் கடன், அதற்குப் பெற்றோர் உத்தரவாதப் படிவம் என்று முடிந்தது. கருவியை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் துடைக்க வேண்டும், எந்தத் திரவத்தால் என்பதற்கு ஒரு அடிக்குறிப்பு. மெட்ராஸ் ஐ பற்றி எதுவும் இல்லை. ஆனால் சளி, இருமல், காய்ச்சல் என்றால் டாக்டர் சான்றிதழ்.

எந்த ஆட்டம் என்பது அடுத்து. துப்பாக்கி கூடாது. ரத்தம் கூடாது. 1993-ல் 'மார்ட்டல் காம்பட்' பற்றி அமெரிக்க செனட்டே கூடி விசாரித்து, அடுத்த வருஷம் ஆட்டங்களுக்கு வயது முத்திரை குத்தும் அமைப்பு வந்தது. எங்கள் குழுவுக்கு அந்த முத்திரையும் போதவில்லை. ஒரு அப்பா, செஸ்ஸை வைத்துவிடலாமே, அதுவும் இப்போது திரையில்தானே ஆடுகிறார்கள் என்றார். வாஸ்தவம்தான். 2025-ல் ரியாதில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் செஸ்ஸும் ஒரு ஆட்டம், கார்ல்சன் ஜெயித்தார். நம் குகேஷ் உலக சாம்பியன் ஆகி இரண்டு வருஷம்கூட ஆகாத ஊரில் அந்த யோசனைக்கு உடனே ஆதரவு திரண்டது. குழந்தைகளின் பிரதிநிதியாக அழைக்கப்பட்டிருந்த பன்னிரண்டு வயதுப் பையன் தலையைக் குனிந்துகொண்டு, "அங்கிள், அது கிளாஸ் மாதிரி இருக்கும்" என்றான். மரியோ கார்ட் 8 டீலக்ஸ் தேர்வாயிற்று. கார் ரேஸ், வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுவதுதான் அதிகபட்ச வன்முறை.

அதில் ஸ்மார்ட் ஸ்டீரிங் என்று ஒரு வசதி இருக்கிறது. சின்னக் குழந்தைகள் ஓட்டினால் கார் பாதையை விட்டு விழாமல் தானே திருப்பிக்கொள்ளும். எட்டு வயதுக்குக் கீழே இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று ஒரு அம்மா வாதாடி, விதியாகவும் எழுதிவிட்டோம். அந்த அம்மாவின் பெண்ணுக்கு விஷயம் தெரிந்ததும் இரண்டு வேளை சாப்பிடவில்லை. கைப்பிடித்துக் கூட்டிப் போகிற கார் அவளுக்கு வேண்டாமாம், விழுந்தால் விழுந்துகொள்கிறாளாம். விதி விருப்பத் தேர்வாக மாறியது. குழந்தைகள் தரப்பில் எங்கள் நான்கு பக்கத்திலும் நடந்த ஒரே திருத்தம் அது.

மூன்றாவது மாடி வக்கீல் மாமா சட்டப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். நுழைவுக் கட்டணம் தலைக்கு நூறு ரூபாய், முதல் பரிசு ஆயிரம் என்று நாங்கள் எழுதியிருந்ததைச் சிவப்பு மையில் அடித்தார். 2022-ல் தமிழ்நாட்டுச் சட்டம், 2025 பிப்ரவரியில் அதற்கான விதிமுறைகள்: பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் விளையாட்டில் 18 வயதுக்குக் கீழே ஒருவரும் நுழையக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு, இரவு 12 முதல் காலை 5 வரை கதவு மூடல். அதே வருஷம் ஆகஸ்டில் மத்திய அரசு ஒரு படி மேலே போய் அந்த ரகத்தையே தடை செய்து சட்டம் இயற்றி, இ-ஸ்போர்ட்ஸை மட்டும் தனியாகப் பிரித்து அங்கீகரித்தது. "நம்மது ஆன்லைனே இல்லையே, கம்யூனிட்டி ஹால்தானே" என்றேன். "இல்லைதான். இருந்தாலும் எதுக்கு வம்பு?" என்றார். கட்டணம் போயிற்று, பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஆயிற்று. நாங்கள் செல்லுக்காக வசூலித்த ஐம்பது காசை நினைத்துக்கொண்டேன். நல்ல வேளை, கால வரம்பு கடந்துவிட்டது.

எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதில் குழு உலகத்தையே சுற்றி வந்தது. 2021 முதல் சீனாவில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும், இரவு 8 முதல் 9 வரை ஒரு மணி நேரம்தான் ஆன்லைன் ஆட்டம். ஜப்பானில் ககாவா மாகாணம் 2020-ல் பள்ளி நாளில் 60 நிமிஷம், லீவு நாளில் 90 நிமிஷம் என்று சட்டமே போட்டது. இந்தியாவில் பப்ஜி 2020 செப்டம்பரில் தடையாகி, வேறு பெயரில் திரும்பி வந்தபோது சிறுவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம் என்றது. இவ்வளவையும் அலசி, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கண்ணுக்கு ஓய்வு, ஆளுக்கு மொத்தம் நாற்பது நிமிஷம் என்று எழுதினோம். தேவையே இருக்கவில்லை. போட்டிக்கு நாள் குறிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எந்தக் குழந்தைக்கும் சேர்ந்தாற்போல் நாற்பது நிமிஷம் ஓய்வே கிடையாது என்று. அபாகஸ், பாட்டு, பரதம், ஹிந்தி பிரசார சபா பரீட்சைக்கு ட்யூஷன், ஐஐடிக்கு ஆறாம் வகுப்பிலேயே அஸ்திவாரம். ஒன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு ஞாயிறு 11:40 முதல் 12:15 வரை மட்டும்தான் வாழ்க்கை. லீவு என்றுதான் பேர். அன்று பதினான்கு பேர் கையும் காலியாக இருந்தது, மெஷின்தான் ஒன்று. இன்று மெஷின்கள் சார்ஜ் ஏறி, வரிசையாகக் காத்துக்கொண்டிருந்தன.

கல்லூரிக்குப் போகிற ஒரு பையன், பெரிய போட்டிகளில் எப்படி நடத்துகிறார்கள் என்று போகிமான் போட்டிகளின் விதிப் புத்தகத்தை அச்செடுத்து வந்தான். குழந்தைகளுக்கு வயதுவாரியாகத் தனிப் பிரிவு, ஆறு போகிமான் கொண்டு வந்து நாலைத் தேர்ந்தெடுப்பது, பட்டியலை முன்கூட்டியே ஒப்படைப்பது. அதிலும் எனக்கு ஒரு பழைய சிநேகிதர் தட்டுப்பட்டார்: வெளியிலிருந்து யாரும் யோசனை சொல்லக் கூடாது. சர்வதேச அளவிலும் குச்சிக் கூச்சலை அடக்கப் படாதபாடு படுகிறார்கள் என்று தெரிந்ததில் ஒரு திருப்தி. நாங்களும் சேர்த்துக்கொண்டோம், பதினான்காவது விதியாக: பார்வையாளர்கள், அதாவது பெற்றோர் அல்லது காப்பாளர், போட்டியாளருக்கு எவ்விதத்திலும் உதவக் கூடாது, மீறினால் அந்தச் சுற்று ரத்து.

அந்தக் கல்லூரிப் பையன்தான் இன்னொன்றும் காட்டினான். 2023 டிசம்பரில், வில்லிஸ் கிப்சன் என்கிற 13 வயது அமெரிக்கப் பையன் பழைய நின்டெண்டோவில் டெட்ரிஸ் ஆடி, 157-வது லெவலில் ஆட்டமே உறைந்து நின்றுபோகும்வரை கொண்டுபோயிருக்கிறான். வெளிவந்து முப்பது வருஷத்துக்கு மேலாக எந்த மனிதரும் அதுவரை போகவில்லையாம். திரை அசையாமல் நின்றதும் அந்தப் பிள்ளை நாற்காலியில் பின்னால் சாய்ந்து விழப் பார்க்கிறான். எங்கள் ஸ்டோரில் ஆட்டம் அப்படி உறைந்ததே இல்லை. அதற்கு முன்னால் யாருடைய அம்மாவாவது வந்துவிடுவாள்.

போட்டி நாள் ஞாயிறு. வெளியே மெட்ரோவுக்குத் தோண்டுகிற இரைச்சல். லஸ் பக்கத்திலிருந்து வர வேண்டிய நடுவர் தடுப்புகளையெல்லாம் சுற்றி வந்து சேரத் தாமதம். ஹாலில் பதினொரு குழந்தைகள், முப்பது பெரியவர்கள். விதிமுறையை உரக்கப் படித்தேன். குழந்தைகள் யாரும் கேட்கவில்லை. பெரியவர்கள் குறிப்பெடுத்தார்கள். ஆட்டங்கள் நறுவிசாக நடந்தன: இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டு, காதில் ஹெட்ஃபோன். பார்ப்பவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு உச்சந்தலைகள். பாதிப் பேர் போனை எடுத்துவிட்டார்கள்.

இறுதிச் சுற்றில் அந்த 11:40 பெண்ணும் பன்னிரண்டு வயதுப் பிரதிநிதியும். ஹெட்ஃபோன் ஒன்று வேலை செய்யாததால், சமத்துவம் கருதி இரண்டையும் கழற்றிவிட்டோம். கடைசிச் சுற்று, கடைசி வளைவு. பையனுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவன் பாட்டி, வீட்டில் பல மாதமாக அவன் தோள் மேல் பார்த்துப் பார்த்து ஊறியவர், திடீரென்று எழுந்து, "கண்ணா, லெஃப்ட்ல வாழைப்பழம்! லெஃப்ட்ல!" என்று ஹால் அதிரக் கூவினார்.

பையன் மயிரிழையில் ஜெயித்தான்.

பெண்ணின் அப்பா அன்று மாலையே எழுத்து மூலம் முறையீடு கொடுத்தார்: பதினான்காவது விதி மீறப்பட்டது, சுற்று ரத்தாக வேண்டும். பையனின் அம்மா பதில் கொடுத்தார்: விதி சொல்வது பெற்றோர் அல்லது காப்பாளர், பாட்டி இரண்டிலும் சேர மாட்டார். அப்படியே சேர்ந்தாலும் வாழைப்பழம் இருந்தது வலது பக்கம். தப்பான யோசனை உதவி ஆகாது, உபத்திரவம்தான். வரைவை எழுதியவள் என்ற முறையில் என் விளக்கம் கேட்கப்பட்டது. முன்போர்ஷன் மாமா இருந்திருந்தால் கண்ணாடியைத் தூக்கி இரண்டே வரியில் முடித்திருப்பார். வக்கீல் மாமா இரு தரப்புக்கும் ஆஜராக மறுத்துவிட்டார். தோற்ற பெண்ணைக் கேட்டால், அவளுக்கு ரத்தெல்லாம் வேண்டாமாம். மறுபடி ஒரு ஆட்டம் வேண்டுமாம், அதில் அந்தப் பாட்டி தன் பின்னால் உட்கார வேண்டுமாம். அவளுக்கு அடுத்த ஓய்வு எந்த ஞாயிறு என்று அவள் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த விவகாரம் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் ஏறியிருக்கிறது. தண்ணீர் லாரிக் கணக்குக்கும் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் நடுவில். டிபன் பாக்ஸ் சங்க அலுவலக அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டுள்ளது. பாட்டி மட்டும் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். வாழைப்பழம் லெஃப்டில்தான் இருந்தது என்று சாதிக்கிறார்.